வின்ச் பிரேக் பிடிக்கவில்லை, ஷாஃப்ட் முறிந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கிராண்ட்பாஸில் சிறிய கராஜ் ஒன்றில் வின்ச் திருத்துவது என் வேலை. ஜீப்பின் முன்பக்கம் பூட்டி, கயிற்றைச் சுற்றி, மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் இயந்திரம்தான் வின்ச். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் போதும், தொலைபேசி ஓயாது. இரத்தினபுரிப் பக்கம் சேற்றில் இறங்கியவர்கள், மீமுரே பாதையில் மாட்டியவர்கள், வீட்டு வாசலில் கயிறு சுற்றும்போதே பழுதாகிப் போனவர்கள் என்று எல்லோரும் அழைப்பார்கள். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய ஜீப்பையும் பழைய வின்ச்சையும் திருத்தித் திருத்தியே ஓட்டப் பழகிவிட்டோம். அதில் தவறில்லை. ஆனால் பிரேக்கும் ஷாஃப்டும் அரைகுறையாகத் திருத்தப்பட்ட வின்ச் ஆளைக் கொல்லும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஸ்விட்சை விட்டதும் கயிறு தானாக ஓடி ஜீப் பின்னுக்குப் போகிறது. பிரேக் போய்விட்டதா?

எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் பாருங்கள். சில சென்டிமீட்டர் இறங்கி நின்றுவிட்டால் அது பழுதில்லை. பிரேக் கடிப்பதற்கு அந்த அசைவு தேவை.

இன்று அதிகம் பூட்டப்படும் வின்ச்களில் ஒரு பக்கம் மோட்டார், மறு பக்கம் கியர் பெட்டி, நடுவில் கயிறு சுற்றும் ட்ரம். மோட்டாரின் சுற்றைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகும் மெல்லிய அறுகோண ஷாஃப்ட் ட்ரம்முக்குள்ளால் போகிறது. பிரேக் அந்த ஷாஃப்டில்தான், ட்ரம்முக்கு உள்ளே, பெரும்பாலும் மோட்டார் பக்கமாக இருக்கும். அது இரண்டு துண்டு. ஒன்றையொன்று பார்த்தபடி சாய்வான முகங்கள், நடுவில் ஒரு முறுக்கு ஸ்பிரிங். இழுக்கும்போது மோட்டார் பக்கத் துண்டு மற்றதைத் தள்ளிக்கொண்டு போவதால் பிரேக் விடுபட்டிருக்கும். மோட்டார் நின்றதும் சுமை கியர் பக்கத்தில் இருந்து ஷாஃப்டைப் பின்னுக்குத் திருகப் பார்க்கும். அப்போது சாய்முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பிரேக் கட்டைகளை ட்ரம்மின் உட்சுவரில் நெருக்கும். சுமை கூடக் கூட நெருக்கமும் கூடும்.

ஜீப் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனால் கட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது கட்டையில் கிரீஸ் பட்டிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. என் மேசைக்கு வருபவற்றில் அதிகமானது கிரீஸ்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். லேசான ஏற்றத்தில் கயிற்றை நல்ல மரத்தில் அகலப் பட்டி போட்டு மாட்டி, ஜீப்பை நியூட்ரலில் விட்டு வின்ச்சால் மேலே இழுத்து நிறுத்துங்கள். சாரதி ஆசனத்தில் ஓர் ஆள் பிரேக் பெடலுக்கு மேலே காலை வைத்தபடி இருக்க வேண்டும். ட்ரம்மின் விளிம்பிலும் அதன் பக்கத்துச் சட்டத்திலும் சோக்கால் ஒரே நேர்கோடாகக் கீறிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கோடுகள் விலகிக்கொண்டே போனால் அந்த வின்ச்சை இனி நம்ப வேண்டாம். கயிற்றின் நேர்கோட்டிலோ ஜீப்புக்குக் கீழ்ப்பக்கமோ யாரையும் நிற்க விடாதீர்கள்.

கம்பிக் கயிற்றைக் கழற்றிச் செயற்கைக் கயிறு போட்டேன். அன்றிலிருந்து பிரேக் பிடிக்கவே இல்லை. கயிறு வழுக்குகிறதா?

கயிறு வழுக்கவில்லை. திசை மாறியிருக்கிறது. மேலே சொன்ன பிரேக் ஒரு திசையில்தான் பிடிக்கும். கயிற்றை மறுபக்கமாகச் சுற்றிவிட்டால், "அவுட்" பொத்தானை அழுத்தித்தான் ஜீப்பை இழுக்க வேண்டி வரும்; பிறகு பிடித்து வைக்க ஒன்றுமே இருக்காது.

தெனியாயப் பக்கத்தில் இருந்து ஒருவர் அப்படித்தான் வந்தார். பிரேக்கை இரண்டு முறை மாற்றியிருந்தார், இரண்டுமே புதிது. நான் ஒன்றையும் கழற்றவில்லை. ரிமோட்டில் "இன்" அழுத்தச் சொன்னேன். கயிறு வெளியே வந்தது. முழுக் கயிற்றையும் அவிழ்த்து, சரியான பக்கமாக இழுவிசை கொடுத்துச் சுற்றினோம். அரை மணித்தியால வேலை. பெரும்பாலான வின்ச்களில் கயிறு ட்ரம்மின் அடிப்பக்கமாக வரும். உங்கள் வின்ச்சின் உடலில் அம்புக்குறி இருக்கும், அதைப் பாருங்கள். மோட்டார் வயர்களை யாராவது மாற்றிப் பூட்டியிருந்து, அப்படியே "இன்" அழுத்திக் கயிற்றைச் சுற்றினாலும் இதே கோளாறு வரும்.

ட்ரம்மில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டிய சுற்றுகளையும் கவனியுங்கள். கம்பிக் கயிற்றுக்கு 5 சுற்று, செயற்கைக் கயிற்றுக்கு 10 சுற்று விடுவது நல்லது. செயற்கைக் கயிறு வழுவழுப்பானது. சுற்றுக் குறைந்தால் ட்ரம் நிற்கும், கயிறு மட்டும் உருவும்.

சரிவில் வின்ச்சால் ஜீப்பை இறக்கினேன். ட்ரம் கை வைக்க முடியாத சூடு. இது பழுதா?

இழுக்கும்போது சூடானால் பழுது. இறக்கும்போது சூடாவது அந்த அமைப்பின் இயல்பு. இறக்கும்போது மோட்டார் பிரேக்கை விடுவிக்க முயன்றபடியே இருக்கும், சுமை அதைத் திரும்ப நெருக்கியபடியே இருக்கும். அந்த உராய்வு முழுவதும் சூடாகி, மூடிய ட்ரம்முக்குள் தங்கும்.

செயற்கைக் கயிறு ஏறத்தாழ 145 முதல் 150 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு எவ்வளவோ முன்பே வலு இழக்கத் தொடங்கும். நான் கழற்றிய சில ட்ரம்களின் உட்சுவர் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தது. உருக்கு அந்த நிறத்துக்கு வர ஏறத்தாழ 300 பாகை வேண்டும். மேலே சுற்றியிருந்த கயிற்றின் கதி என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். முதல் அடுக்குக் கயிற்றுக்கு வெப்பம் தாங்கும் உறை போடுவது இதற்குத்தான். சில மீட்டர் இறக்கிவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்குங்கள். நீண்ட சரிவு என்றால் வின்ச்சில் இறங்காமல் வேறு பாதை தேடுங்கள்.

1974இல் வந்த வார்ன் கம்பனியின் 8274 போன்ற உயரமான வின்ச்களில் பிரேக் ட்ரம்முக்கு வெளியே இருப்பதால் இந்தச் சூடு கயிற்றுக்குப் போகாது. சங்கிலிக் கப்பியில் பாரம் ஏற்றும்போது "டிக் டிக்" என்று கேட்குமே, அதே பல்லும் கொக்கியும் சேர்ந்த குடும்பம்தான் அதன் பிரேக்கும். தங்களிடம் அது இருந்தால் விற்காதீர்கள்.

மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, ட்ரம் அசையவில்லை. ஷாஃப்ட் முறிந்துவிட்டதா?

பதறாமல் முதலில் கிளச் லீவரை, அதாவது ட்ரம்மைக் கியரோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ள கைப்பிடியைப் பாருங்கள். அது பாதியில் நின்றால் பல் சேராது. ட்ரம்மைக் கையால் சற்று முன்பின் அசைத்து லீவரை முழுதாகத் தள்ளுங்கள். பத்துப் பேரில் சிலருக்காவது பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் ஷாஃப்ட் முறிந்திருக்கலாம். அல்லது அதன் முனை உருண்டிருக்கலாம். அறுகோண முனையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகி, அது உட்காரும் துளைக்குள் சும்மா சுற்றும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இதில் ஒன்று முக்கியம்: ஷாஃப்ட் முறிந்தால் பிரேக்கும் சுமையைப் பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் பிரேக்குக்கும் கியருக்கும் நடுவில் இருந்த தொடர்பே அந்த ஷாஃப்ட்தான். ஏற்றத்தில் நிற்கும்போது இந்தச் சத்தம் கேட்டால், வேறு எதையும் செய்யமுன் சில்லுகளுக்குக் கல் வையுங்கள்.

4 தொன் இழுக்கும் வின்ச் என்று வாங்கினேன், 2 தொன் ஜீப்புக்கே ஷாஃப்ட் முறிந்தது. மலிவுச் சாமான் என்பதால்தானே?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட வேண்டாம். இந்த வின்ச்களில் ஷாஃப்ட் ஏறத்தாழ 150 முதல் 300 முறை சுற்றினால்தான் ட்ரம் ஒரு முறை சுற்றும். அதாவது ட்ரம்மில் இருக்கும் முறுக்கு விசையில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான் ஷாஃப்டில் இருக்கும். உராய்வைச் சேர்த்தாலும் இருநூறில் இரண்டு பங்குக்குள் அடங்கும். மெல்லிய ஷாஃப்ட் போட்டிருப்பது அதனால்தான். நேரான, சீரான சுமை மட்டும் இந்த ஷாஃப்டை முறிப்பதில்லை. எங்கோ ஏதோ திடீரென்று இறுகி நின்றிருக்கிறது. வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் தன் பாரம் முழுவதையும் ஷாஃப்டில் இறக்கியிருக்கிறது.

எங்கே இறுகும்? கொக்கி முன்பக்க உருளைச் சட்டத்தில் போய் இடிப்பது முதலாவது. கடைசி இரண்டு மீட்டரைத் தட்டித் தட்டிச் சுற்ற வேண்டும் என்பது இதற்குத்தான். மின்தொடுப்புப் பெட்டியில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்டாக்டர் ஒட்டிக்கொண்டால் ஸ்விட்சை விட்ட பிறகும் மோட்டார் நிற்காது. அப்போதும் அதே இடிதான். பெட்டரிக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் போட்டு வையுங்கள். முழுச் சுமையில் 400 அம்பியர் அளவுக்குப் போகும் கம்பி அது, நல்ல ஸ்விட்சாகப் பாருங்கள். துருப்பிடித்து ட்ரம்மோடு ஒட்டிய பிரேக் இன்னொரு காரணம். பழுது பிரேக்கில் இருக்கும், முறிவது ஷாஃப்டாக இருக்கும். ஷாஃப்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர் திரும்ப வருவார்.

முறிந்த துண்டைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலையும் அதுதான். ஒரு சோக்குக் கட்டியை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அது நேராக முறியாது. 45 பாகைச் சாய்வில் திருகு போல முறியும். ஷாஃப்டும் அப்படி முறிந்திருந்தால் அந்த உருக்கு நொறுங்கும் அளவுக்குக் கடினமாக்கப்பட்டிருக்கிறது. முறிந்த முகம் தட்டையாக, சுற்றிச் சுழன்ற தடத்தோடு இருந்தால் மென்மையான உருக்கு ஒரே இழுப்பில் முறுகி அறுந்தது என்று அர்த்தம். முகத்தின் ஒரு மூலையில் தொடங்கி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல வளைகோடுகள் தெரிந்தால் அது நாட்பட்ட வெடிப்பு. மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் மிஞ்சிய சிறு பகுதி அன்றைக்கு அறுந்திருக்கிறது.

அந்த வெடிப்பு எங்கிருந்து புறப்பட்டது என்று பாருங்கள். அநேகமாக, பாகங்கள் நகராமல் பிடிக்கும் சேர்க்லிப் வளையம் உட்காரும் காடி (சுற்றி வெட்டிய பள்ளம்), அல்லது யாரோ வைஸில் நேரடியாக இறுக்கியபோது விழுந்த பல்தடம். மெல்லிய ஷாஃப்டில் ஒரு சிறு கீறலே போதும்.

முறியாத ஷாஃப்டையும் சோதிக்க வேண்டும். அதன் அறுகோண விளிம்பு ஒன்றின்மேல் உருக்கு அடிமட்டத்தை நீளவாக்கில் வையுங்கள். விளிம்பு அடிமட்டத்தோடு ஒட்டிப் போனால் சரி. விலகி வளைந்து போனால் ஷாஃப்ட் முறுகிவிட்டது, திரும்பப் பூட்டாதீர்கள்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடியும் ஷாஃப்ட் கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து போடலாமா? ஒட்டலாமா?

ஒட்ட வேண்டாம். வெல்டிங் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும்; ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி அறும்.

கடையலாம், உருக்கைத் தெரிந்து கடைந்தால். பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் கண்ணுக்கு எல்லாக் கம்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாதாரண மென்னுருக்கு சதுர மில்லிமீட்டருக்கு 400 முதல் 500 நியூட்டன் வரை தாங்கும். பதப்படுத்திய ஈஎன் 24 என்ற கலப்புருக்கு 850 முதல் 1000 வரை தாங்கும். ஈஎன் 24 என்று கேட்டு வாங்குங்கள், லேத் பாஸிடமும் அதைச் சொல்லுங்கள். காடியின் அடிமூலைகளைக் கூராக விடாமல் சற்று உருட்டிக் கடையச் சொல்லுங்கள். நீளத்தைப் பழைய துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தால் ஒரு மில்லிமீட்டர் பிழை வந்துவிடும். அதே மொடல் வின்ச் இன்னொன்றில் இருந்து அளவெடுப்பதே சரி. ஷாஃப்ட் அரை மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் பிரேக்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பிரேக்கை நானே கழற்றிப் பார்க்கலாமா?

ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உள்ளவர் என்றால் பார்க்கலாம். பெட்டரி முனையைக் கழற்றுங்கள். கயிற்றில் சுமை இருக்கக் கூடாது, கயிற்றையே முழுதாகக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. இரு பக்கப் பெட்டிகளையும் இணைக்கும் தண்டுகளில் எது மேல், எது கீழ் என்று கூர்முனை உளியால் (பஞ்ச்) தட்டி அடையாளமிடுங்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பிரேக் கையில் வந்ததும் ஸ்பிரிங்கின் இரு முனைகளும் எந்தத் துளையில் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள், பிறகுதான் பிரியுங்கள். திருப்பிப் போட்டால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். முறுக்கில் இருக்கும் ஸ்பிரிங் விரலை அடிக்கும், கையுறை போடுங்கள். கட்டையின் முகம் கண்ணாடி போல மினுங்கினால் எமரி பேப்பரைச் சமதளத்தில் வைத்து லேசாகத் தேய்க்கலாம். கிரீஸ் ஊறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றுங்கள். ட்ரம்மின் உட்சுவரைப் பிரேக் கிளீனரால் துடைத்து வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் பாவிக்காதீர்கள், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப் போகும்.

கிரீஸ் நிறையப் போட்டால் நல்லதுதானே?

இல்லை. கியர் பற்களில் பூசினால் போதும், பெட்டியை அடைத்து நிரப்பக் கூடாது. சூட்டில் இளகிய கிரீஸ் ஷாஃப்ட் வழியாக, கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டி ட்ரம்முக்குள் போகும். பிறகு அது பிரேக் கட்டைக்குத்தான் போய்ச் சேரும்.

வெள்ளத்தில் வின்ச் மூழ்கிவிட்டது. இப்போதும் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் மூழ்கியபோது இதே கேள்வி வந்தது. ஓடுகிறது என்று விட்டவர்களின் வின்ச்கள் அடுத்த மழைக்குள் இறுகின. தண்ணீர் கலந்த கிரீஸ் பால் தேநீர் நிறத்துக்கு மாறும்; அதைக் கண்டால் முழுதாகக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் போடுங்கள். பிரேக் ஸ்பிரிங்கில் துரு வந்தால் எமரி போடாமல் மாற்றுங்கள். முகத்துவாரம், மட்டக்குளி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளமே வேண்டாம், உப்புக் காற்றே போதும். மாதம் ஒரு முறை கயிற்றை வெளியே இழுத்து, சுமையோடு திரும்பச் சுற்றுங்கள்.

எல்லாம் புதிதாகப் போட்டும், கிளச்சை விடுவித்தும் கயிற்றைக் கையால் இழுக்க முடியவில்லை. ஏன்?

வின்ச் உட்காரும் தகட்டைப் பாருங்கள். 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம் என்ற நான்கு போல்ட் துளைகளும் ஒரே சமதளத்தில் இல்லாவிட்டால், இறுக்கும்போது வின்ச்சின் இரு முனைகளும் முறுகி, ட்ரம் உட்கார்ந்து சுழலும் புஷ்களை நெரிக்கும். போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தியதும் ட்ரம் இலகுவாகச் சுற்றினால் பழுது தகட்டில்தான். இடிபட்ட பம்பரை நிமிர்த்திப் பூட்டியவர்களிடம் இது அடிக்கடி வரும்.

தோட்டத்தில் ஓடிய பழைய லேண்ட் ரோவரில் எஞ்சினால் ஓடும் வின்ச் இருக்கிறது. ஒரு சிறு பின் அடிக்கடி அறுகிறது. நல்ல கடின போல்ட் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். அந்தப் பின் அறுவதற்கென்றே போடப்பட்டது. எஞ்சினின் பலத்துக்கு எல்லை தெரியாது. பின் முதலில் அறுந்து ஷாஃப்டையும் பற்களையும் காப்பாற்றுகிறது. அதே அளவு, அதே மென்மையான உலோகத்தில் நாலைந்து பின் செய்து டாஷ்போர்ட் பெட்டியில் வையுங்கள். அடிக்கடி அறுகிறது என்றால் நீங்கள் இழுப்பது அதற்கு மிஞ்சிய சுமை. ஒரு கப்பி போட்டுக் கயிற்றை இரட்டையாக்குங்கள்.

வாகனம் ஏற்றும் லொறியில் வின்ச்சாலேயே காரைப் பிடித்து வைத்துக் கண்டிக்குப் போகலாமா?

கூடாது. வழியெல்லாம் குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிரேக் ஒரு மயிரிழை விடும், ஷாஃப்ட் ஒரு அடி வாங்கும். மேலே சொன்ன அலை வரிகளை நான் அதிகம் கண்டது இந்த லொறிகளின் ஷாஃப்டில்தான். ஏற்றியதும் நாலு சில்லையும் பட்டியால் கட்டி, கயிற்றைத் தளர்த்திவிடுங்கள்.

கட்டட வேலையில் ஆளை மேலே தூக்க இந்த வின்ச் சரிவருமா?

இல்லை. அதற்கென்று கொண்டுவந்தால் நான் திருத்திக் கொடுப்பதும் இல்லை. ஒரே ஒரு பிரேக், அதுவும் வழுக்கிப் பிடிப்பது. ஆளைத் தூக்கும் இயந்திரம் வேறு.

கராஜுக்குக் கொண்டுவரும்போது என்ன செய்ய வேண்டும்?

கழுவ வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். கிரீஸின் நிறமும் அது போன இடமும் எனக்கு வேண்டும். கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தபோது பழுதானது, இழுத்தீர்களா இறக்கினீர்களா, கயிறு எத்தனை அடுக்கில் இருந்தது என்று யோசித்து வையுங்கள். முறிந்த ஷாஃப்டின் இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்க ஆசை வரும். பொருத்தாதீர்கள், முகங்கள் உரசினால் அந்த வரிகள் அழிந்துவிடும். தனித்தனித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.